காலைச் சூரியன் மேட்டில் வீடு கட்ட வேண்டாம்

ஒசாகாவில் வசிக்கும் தம்பி தெய்ஜிக்கு,

ப்ளம் பழங்கள் மஞ்சளாகி உதிரும் இந்த மழைக்காலத்தில் உங்கள் மூட்டுவலி சற்றேனும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மனைவி ஃபுசாயெயின் ரத்த அழுத்தத்தையும் பேத்தியின் படிப்பையும் விசாரித்ததாகச் சொல்லவும். நான் நலம். உங்கள் அண்ணன் படத்துக்கு முன்னால் தினமும் சோறும் தேநீரும் வைக்கிறேன். கடிதத்தில் இருக்க வேண்டிய மரியாதைகள் இத்துடன் முடிந்தன.

நீங்கள் அனுப்பிய வீட்டு வரைபடம் வந்தது. மேலே 'அசாஹிகாவோகா, ஏழாம் எண் மனை' என்று அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். அசாஹிகாவோகா என்றால் காலைச் சூரியன் மேடு. தம்பி, வருடத்தில் பாதி நாள் மழையோ பனியோ பெய்கிற ஊர் இது. இந்தக் கரையோரப் பகுதி முழுவதற்குமே சானின், மலையின் நிழல், என்றுதான் நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். நிழலுக்குள் சூரியனை யார் கண்டது? அந்த ஏழாம் எண் மனை இருப்பது குசுரேதானியில். சரிந்த பள்ளத்தாக்கு. அந்தப் பெயரை வைத்தவர்கள் மனை விற்பவர்கள் அல்லர். கண்ணால் கண்டதை வைத்தார்கள்.

இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதே இல்லை. நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்பு, இதே மாதம், மலை இறங்கி எட்டு வீடுகளை மூடியபோது ஒசாகாவிலிருந்து ஓடிவந்து ஒன்பது நாள் தோண்டியவர் நீங்கள். என் மாமியாரை மூன்றாம் நாளும் என் மகள் கினுவை ஒன்பதாம் நாளும் எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். கினுவுக்கு ஆறு வயது. அதே கை இப்போது அதே மண்ணின்மீது வரவேற்பறை எங்கே, குளியலறை எங்கே என்று பென்சிலால் கோடு போட்டிருக்கிறது. கேட்டால், "அதுக்கப்புறம்தான் மேலே தடுப்புச் சுவர் கட்டிட்டாங்களே அண்ணி. உங்களைத் தனியா விட்டுட்டு எங்களால நிம்மதியா இருக்க முடியல" என்று தொலைபேசியில் சொல்கிறீர்கள். அந்தச் சுவரைப் போன வாரம் கைத்தடியுடன் ஏறிப்போய்ப் பார்த்தேன். அதன் பின்னால் மண் விளிம்புவரை நிரம்பி, மேலே நாணல் முளைத்திருக்கிறது. நிரம்பிய பாத்திரத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவார்கள்?

நான் இங்கே இருப்பது வேறு விஷயம். எனக்கு எழுபத்தேழு வயது. இந்த மலையும் நானும் ஒருவரையொருவர் நன்றாக அறிவோம். ஒசாகாவில் எனக்காக ஒரு அறை காலியாக இருப்பதாக மூன்று முறை எழுதினீர்கள், மூன்று முறையும் மறுத்தேன். நான்காம் முறை எழுதவேண்டாம். இங்கிருந்து என்னைச் சாம்பலாகத்தான் எடுத்துப்போக முடியும்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று கிராமங்களை ஒரே நகராட்சியாக இணைத்தபோது சின்னச் சின்னக் குடியிருப்புகளின் பெயர்களையும் துடைத்துவிட்டார்கள். பாம்பு புரண்ட சரிவு இப்போது 'பசுமைக் குடியிருப்பு'. பிணம் ஒதுங்கிய மணல்மேடு 'நீலக்கடல் இரண்டாம் பகுதி'. நம்முடையதைத் தீர்மானிக்க ஊர்க்கூடத்தில் முப்பத்திரண்டு வீட்டாரும் தரை மெத்தை போட்டு உட்கார்ந்தோம். என் கைப்பையில் இரண்டு பக்க ஆட்சேபம், பிழையில்லாமல் எழுதி, மடித்துத் தயாராக இருந்தது. தலைவர் பட்டியலை வாசித்துவிட்டு, "ஆட்சேபம் ஏதாவது உண்டுங்களா?" என்றார். இதில் ஒரு முறை இருக்கிறது, உங்களுக்கே தெரியும். முதலில் கோயில் குரு பேசவேண்டும், பிறகு சாக்கே மதுக்கடை அடாச்சி, அதன்பிறகு மற்றவர்கள். குரு அடாச்சியைப் பார்த்தார். அடாச்சி கூரையைப் பார்த்தார். பெரியவர்கள் பேசும்முன் ஒரு பெண்மணி குரலை உயர்த்தக்கூடாது என்று கன்னிமாடப் பள்ளியில் சிஸ்டர் க்ளோதில்ட் கற்றுக்கொடுத்தபடி நான் என் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து யாரோ, "ஆட்சேபம் இல்லை" என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் தட்டியதால் நானும் தட்டினேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது அடாச்சி என்மேல் பாய்ந்தார். "என்னங்க கதோவாக்கி அம்மா, நீங்க எந்திரிச்சுக் கிழிகிழின்னு கிழிப்பீங்கன்னு நம்பித்தானே நாங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம்!"

"குரு பேசுவார்னு நான் காத்திருந்தேன்" என்றேன்.

குரு தலையைச் சொறிந்தார். "நான் வாயைத் திறந்தா சாவு வீட்டுப் பேச்சுன்னு சொல்லிடுவாங்களேம்மா. நீங்கன்னா பயப்படுவாங்க."

இப்படியாக, முப்பத்திரண்டு வீட்டாருக்கும் பிடிக்காத ஒரு பெயர் முப்பத்திரண்டு வீட்டாராலும் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. உலகில் வேறெங்கும் இப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நோட்சு என்ற இளம் எழுத்தர், "பாட்டி, அது முடிஞ்சுபோன விஷயம்" என்றார். நான் அவருக்குப் பாட்டி அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்தினேன். பிறகு பழைய பெயரில் என்ன குற்றம் கண்டார்கள் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சரிஞ்ச பள்ளத்தாக்குன்னு பலகை வச்சா யாருங்கம்மா குடிவருவாங்க? இருக்கிறவங்களே போய்க்கிட்டு இருக்காங்க. பள்ளிக்கூடத்துல மொத்தமே நாலு பிள்ளைங்க" என்றார். பொய் சொல்லும் வரைபடம் பாவம் என்பார் சிஸ்டர் க்ளோதில்ட். அதை அவரிடம் சொன்னேன். அவர் பாவத்துக்கென்று தனி விண்ணப்பப் படிவம் இல்லை என்பதுபோல் விழித்தார்.

மார்ச் மாதம் மேல்வீட்டு நாகாமிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டு, "குசுரேதானி, குசுரேதானி" என்றாள் அவர் மனைவி. எதிர்முனையில் இருந்த பையனின் திரையில் அப்படி ஓர் இடம் இல்லை. வேறு பெயர் உண்டா என்று கேட்டிருக்கிறான். ஐம்பது வருடம் வாழ்ந்த இடத்தின் புதுப்பெயர் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. வண்டி வந்து சேர நாற்பது நிமிடம். துக்கத்துக்கு வந்த இரங்கல் அட்டைகளில் மட்டும் முகவரி மிகச் சரியாக இருந்தது.

ஏப்ரல் முதல் தேதி என் வேலி ஓரத்தில் புதுப்பெயர்ப் பலகையை நட்டார்கள். சூரியன் சிரிக்கும் படமும் உண்டு. அன்றே தையல் நாடாவால் அளந்தேன். என் வேலி மூலையிலிருந்து பலகைக்கு நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர். மே மாதம் நான்கு மீட்டர் இருபது. நேற்று நான்கு மீட்டர் முப்பத்தேழு. காலைச் சூரியன் மேடு தன் பலகையோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, தம்பி, உங்கள் ஏழாம் எண் மனையை நோக்கி. நோட்சுவை வரவழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "உங்க வேலிதான் நகர்ந்திருக்கும்" என்றார்.

"அப்படின்னா அது இன்னும் மோசம் இல்லையா?" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டு போனார்.

ஆகவே என் முடிவு இதுதான். வீடு கட்டக்கூடாது. ஃபுசாயெ அந்த மனையிலிருந்து கடல் தெரிகிறது என்று சொல்வாளானால், கினுவின் அறையிலிருந்தும் கடல் தெரிந்தது என்று அவளிடம் சொல்லுங்கள். என் தனிமையைக் காரணம் காட்டாதீர்கள். எனக்குத் தனிமை என்று எதுவும் கிடையாது. காலையில் அளக்கிறேன், பகலில் புகார் எழுதுகிறேன், மாலையில் அதைத் திருத்துகிறேன்.

மழை பலமாகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் காலோடு இருக்காதீர்கள். குடும்பத்தார் அனைவருக்கும் புத்தரின் கருணையும், என் பழைய ஆசிரியைகளின் வழக்கப்படி தேவமாதாவின் காவலும் உண்டாகட்டும்.

இங்ஙனம்,
அண்ணி கதோவாக்கி யாயெ
குசுரேதானி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கக் கிளம்பினேன். வாசலில் நோட்சு, மறுபடி அளக்க வந்திருந்தார், இம்முறை உண்மையான அளவுகோலுடன். உங்கள் மனையைக் காட்டி, "அம்மா, இவ்வளவு தெரிஞ்சும் உங்க கொழுந்தனார் ஏன் இங்க வர்றார்?" என்று கேட்டார்.

"என்னைப் பாத்துக்க" என்றேன்.

"நீங்க இங்க இல்லேன்னா?"

அதிகப்பிரசங்கித்தனம் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு உறையைத் திறந்து, எழுதியது முழுவதையும் முதலிலிருந்து வாசித்தேன். இலக்கணத்தில் ஒரு தவறும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் இரண்டு இருபது ரயிலில் ஒசாகா வருகிறேன். உங்கள் அண்ணனின் பெயர் பொறித்த வழிபாட்டு நினைவுப் பலகையும் கினுவினுடையதும் என் மடியில் இருக்கும். மற்றவை இங்கேயே இருக்கட்டும். மலைக்குப் பயந்து வருவதாக யாரிடமும் சொல்லக்கூடாது. அந்த அறையில் உள்ள தொலைக்காட்சியை எடுத்துவிடவும். ஃபுசாயெ எனக்காக மத்தி மீன் வறுக்கவேண்டாம், எனக்கு எப்போதுமே அது பிடித்ததில்லை, முப்பது வருடமாக மரியாதைக்குச் சாப்பிட்டேன்.

ஏழாம் எண் மனையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த தாளை நடைமேடைக்கே கொண்டு வாருங்கள். உங்கள் கையில் அது இல்லையென்றால் நான் ரயிலை விட்டு இறங்கமாட்டேன்.