பூக்களைப் பார்க்க வருக

மஞ்சள் சாமந்தித் தொட்டியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, அதை எந்தப் படியில் வைப்பது என்று புரியாமல் ஒற்று ஐயா கால் மணி நேரமாக முன்வாசலில் நின்றார். தொட்டியின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவருடைய செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் முதல் படியின் நட்டநடுவே வைத்துவிட்டு, தெருவுக்குப் போய் நின்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அச்சகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா 'தையல் கடை' என்று பலகை மாட்டியபோது, 'தையற்கடை' என்பதுதான் இலக்கணம் என்று வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே வகுப்பெடுத்தார். எதிர்வீட்டு ஓட்டுநர் ஆசையாக நீட்டிய அட்டையில் 'வாழ்த்துக்கள்' என்றிருந்த 'க்'கைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். செய்தித்தாளில் ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் அன்று முழுவதும் மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கும். ஒற்று ஐயா என்பது தெரு வைத்த பெயர். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மனைவி போய் மூன்று மாதம் ஆகிறது. காலையில் இப்போதும் கை தானாக இரண்டு கோப்பைத் தேநீர் போட்டுவிடுகிறது. இரண்டாவது கோப்பை ஆறிய பிறகு அதையும் அவரே குடிக்கிறார். அந்த நேரத்தில் அழுகை வரும். பார்க்க யாரும் இல்லை என்பதால் அடக்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரேம்பா. ஒரு நாள் முழுக்க உக்காந்து பாக்கப் போறேன். வீட்டுக்கு நாலு மனுஷங்க வந்து போனா நீங்க இங்கயே இருங்க, நான் எதுவும் சொல்லல. யாருமே வரலேன்னா என்கூடக் கிளம்பிடணும். உங்களைத் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கமே வரல."

அவர் சரி என்றார். வேறென்ன சொல்வது? மகள் நல்லவள், மருமகனும் தங்கம். ஆனால் அவர்கள் இருப்பது பதினோராவது மாடி. அங்கே மனைவி உட்கார்ந்த நாற்காலி கிடையாது, அவள் கை பட்டுத் தேய்ந்த கதவுப்பிடி கிடையாது. இந்த வீட்டை விட்டால் அவளை இரண்டாவது முறை இழந்த மாதிரி.

யார் யார் வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தார். ஓட்டுநர் வாரத்தில் இரண்டு நாள் சதுரங்கம் ஆட வருவார். தையல்காரம்மா அவ்வப்போது ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். தபால்காரர் மணியடித்து ஒரு வாய் தண்ணீர் கேட்பார். மகளுக்குக் காட்ட இது போதாது. மனைவியின் செடிகளெல்லாம் பனியில் காய்ந்து, முன்வாசல் களையிழந்து கிடந்தது. இப்படி இருந்தால் யாருக்கு உள்ளே வர மனசு வரும்?

குளிர் விட்டு வசந்தம் வந்துவிட்டதால் நாற்றுப்பண்ணையில் எல்லா நிறமும் பூத்துக் கிடந்தன. எது வேண்டும் என்று பண்ணைக்காரப் பெண் கேட்டபோது அவருக்கு மஞ்சள்தான் நினைவுக்கு வந்தது. மனைவி சில நாட்களில் பின்கட்டிலிருந்து ஒரு மஞ்சள் தொட்டியைத் தூக்கி வந்து முன்படியில் வைப்பாள். அந்த நாட்களில் வீடே அப்படியொரு அமைதியாக இருக்கும். அவளுடைய ரசனை ரசனைதான் என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமை அதையே வாங்கிவந்தார்.

வைத்த அரை மணியில் தையல்காரம்மா கிண்ணத்தோடு வந்தார். வாயிற்கதவில் கை வைத்தவர், படியைப் பார்த்தார். அப்படியே கையை எடுத்துக்கொண்டு, வந்த வழியே அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனார்.

ஒற்று ஐயாவுக்குச் சுருக்கென்றது. ஒற்றைத் தொட்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதுதான் காரணம் என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை இன்னும் நான்கு வாங்கி, படிகளின் இரு ஓரத்திலும் வரிசை கட்டினார். அன்று தபால்காரர் மணியடிக்கவில்லை. கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டே சத்தமில்லாமல் போனார்.

வெள்ளிக்கிழமை சதுரங்க நாள். பலகையை விரித்துக் காய்களை அடுக்கிவிட்டுக் காத்திருந்தார். ஓட்டுநர் தன் வீட்டுச் சன்னலில் முகம் காட்டினார். ஒற்று ஐயா கையசைத்ததும் திரையை இழுத்து மூடிக்கொண்டார். முப்பது வருடம் பேருந்து ஓட்டிய மனிதர். எதற்கும் அசையாதவர் என்று பெயர்.

பூ கண்ணில் படவில்லை போலும். சனிக்கிழமை பண்ணைக்காரப் பெண்ணிடம் மிச்சமிருந்த ஒன்பது தொட்டிகளையும் வண்டியில் ஏற்றி வந்து, வாயிற்கதவு வரை பரப்பினார். இடுப்பு விட்டுப்போயிற்று. அதோடு நிற்காமல் ஓர் அட்டையில் 'பூக்களை பார்க்க வருக' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் கட்டினார். கட்டிவிட்டு நாலடி நடந்தவருக்குப் பகீரென்றது. முப்பத்து நான்கு வருட அனுபவம், தன் கையாலேயே ஒற்றைத் தின்றுவிட்டது. ஓடிப்போய்ச் சிவப்புப் பேனாவால் இடையில் ஒரு 'ப்' செருகி, ஓரத்தில் திருத்தக்குறியும் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

அந்தச் சிவப்பைப் பார்த்ததிலிருந்து தெருவில் போகிறவர்கள் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகள் வந்துவிட்டாள். முன்வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, தந்தையும் மகளும் உட்கார்ந்தார்கள். பூவெல்லாம் அழகாக இருக்கிறது என்றாள். அவர் தலையாட்டினார். பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஓர் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் இன்று வேலையாக இருப்பார்கள் என்று அவர் சொன்னார். சற்றுப் பொறுத்து அதையே இன்னொரு முறை சொன்னார். மகள் இரண்டு முறையும் ஆமாம் என்றாள். அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

நாலு மணிக்கு அவரே எழுந்தார்.

"சரிம்மா. பெட்டியை எடுத்து வெக்கறேன். உங்கம்மாவோட நாற்காலியை மட்டும் எடுத்துக்கலாமா? உங்க வீட்ல இடம் இருக்குமா?"

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து வாயிற்கதவுப் பக்கம் போய் நின்றாள். அவர் பின்னாலேயே போனார். அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை. அது மனைவியின் இலாகா.

பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னால் தையல்காரம்மா தலை தெரிந்தது. கையில் அதே கிண்ணம். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு ஏன் ஒருவருமே வருவதில்லை, அப்பா யாரையாவது மனம் நோகப் பேசிவிட்டாரா என்று நேராகவே கேட்டுவிட்டாள். தையல்காரம்மா ஒற்று ஐயாவைப் பயத்தோடு ஒரு பார்வை பார்த்தார். பிறகு மதிலோரம் ஒதுங்கி, அவருக்குக் கேட்காது என்கிற நம்பிக்கையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வரக் கூடாதுன்னு இல்லம்மா, தெருவே எப்படா வரலாம்னுதான் தினமும் எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கு, ஆனா ஐயாவுக்குக் கோவம்னா உங்கம்மா முன்படியில ஒரு மஞ்சத் தொட்டி வெப்பாங்க, அதை உள்ள எடுத்தப்புறம்தான் நாங்க கதவைத் தொடுவோம், இப்ப பாத்தா பதினாலு இருக்கேம்மா."