புரோகிதர் தாண்டிய பள்ளம்

தோளில் வாழைக்கன்றைச் சுமந்து வந்த ஒரு பெரியவரை, இல்லாத பள்ளத்தைத் தாண்ட வைத்தவள் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வருத்தமா என்று கேட்டால், அவருக்கு முழங்கால் வலித்ததற்கு வருத்தம். பள்ளத்துக்குக் கிடையாது.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. கணவருக்குக் கல்கத்தா கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. டாக்குரியாவில் நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இருந்தோம் (இன்னும் அங்கேதான் இருக்கிறோம், துணிச்சலைப் பாருங்கள்). எல்லாருக்கும் நான் 'சந்திரா பௌதி', அதாவது சந்திரா அண்ணி. ஊருக்கே அண்ணியாக இருந்தும், எனக்கே எனக்கென்று அங்கே இருந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழ்த்தள ஹாலில், பதினோரு பிள்ளைகளுக்கு நான் எடுத்த ஓவிய வகுப்பு.

கல்கத்தாவில் தெருவுக்குத் தெரு 'உட்கார்ந்து வரை' போட்டி நடக்கும். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, அத்தனை பேரும் ஒரே படத்தை வரைவார்கள். ஒரு குடிசை, ஒரு ஆறு, ஒரு படகு, ரெண்டு தென்னை மரம். எனக்கு வயிறு எரியும். அதனால் என் வகுப்பில் குடிசைக்குத் தடை போட்டேன். கண்ணை ஏமாற்றுகிற படங்கள் மட்டும்தான். கையைத் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டு, குறுக்குக் கோடுகளைக் கை இருக்கும் இடத்தில் மட்டும் வளைத்துப் போட்டால், தாளிலிருந்து கை புடைத்துக்கொண்டு எழும்பும். கட்டங்களை நடுவில் சுருக்கிக்கொண்டே போனால் தாளில் குழி விழும். முதல் குழி விழுந்த அன்றைக்கு என் மகள் நிலா (ஒன்பது வயது, தமிழைவிட வங்காளம் சரளம்) அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் யாராவது குடிசை வரையச் சொல்லுவார்களா?

சொன்னார்கள். "பௌதி, எங்க பிள்ளைக்குப் பரிசு எப்போ வரும்?" என்று அம்மாக்கள் பிடுங்கினார்கள். கடைசியில் குடியிருப்பின் செக்ரட்டரி மித்ரா பாபுவே வந்துவிட்டார்.

"டேபிள் டென்னிஸ்காரங்க ஹாலைக் கேக்கறாங்க பௌதி. துர்கா பூஜைக்குப் பந்தல் வாசல்ல ஆல்பனா உங்க பிள்ளைங்க போடட்டும். நாலு பேர் நல்லாச் சொன்னா ஹால் உங்களுக்கு. இல்லேன்னா அவங்களுக்கு."

ஆல்பனா என்றால் வங்காளிகளின் கோலம். கோலமா? எங்கிட்டயா? கும்பகோணத்துக்காரியிடம் போய்க் கோலத்துக்குப் பரீட்சை வைக்கிறாரே இந்த மனுஷன்! மாவிலை, சங்கு என்று போட்டுவிட்டு வந்திருக்கலாம். என் கணவரும் அதைத்தான் சொன்னார். "அழகா நாலு பூவைப் போட்டுட்டு வந்துடேன்." நான் முறைத்ததில் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாங்கள் போட்டது ஒரு கிணறு. கேட்டில் நின்று பார்த்தால், பந்தலுக்குப் போகும் பாதையை அடைத்துக்கொண்டு, படிப்படியாகக் கீழே இறங்கி, அடியில் தண்ணீரும் ரெண்டு தாமரையும் தெரியும். மற்றப் பக்கங்களிலிருந்து பார்த்தால் யாரோ தாரைக் கொட்டிவிட்டு ஓடிப்போன மாதிரி இருக்கும். கேட்டருகே என் மொபைலை ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஒரு பிள்ளை திரையைப் பார்த்துக் கத்தும், மற்ற பத்தும் சாக்பீஸோடு தரையில் தவழும். "இன்னும் இடது! ஐயோ, படி மேலே ஏறுது, அழி அழி!" நாலு நாள் வேலை. முழங்கால் தேய்ந்துபோகாத பிள்ளையே இல்லை.

பூஜையின் சப்தமி அன்று விடிந்ததும் மேலே மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தோம். நானே ஒரு அடி பின்வாங்கினேன். அவ்வளவு ஆழம்!

பிள்ளைகளுக்கு ஒரு கட்டளை மட்டும் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் கோலத்தை மிதித்தால் தோலை உரித்துவிடுவார்கள். அதனால் யார் வந்தாலும் மிதிக்க விடாதீர்கள், கை கோத்து நின்று 'பா தேபென் நா', கால் வைக்காதீர்கள், என்று கத்துங்கள் என்று சொல்லியிருந்தேன்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் நாங்கள் பந்தலுக்குப் போவது சாயங்காலம்தான், புதுப்புடவை சரசரக்க. சப்தமி காலையில் என்ன நடக்கும் என்று இட்லிச் சட்டியை விட்டு நகர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வாழைக்கன்றை அம்மனாகவே பாவித்து ஏரியில் குளிப்பாட்டி, சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டி, தலையில் முக்காடிட்டு, 'கொலா பௌ', அதாவது வாழை மருமகள், என்று பெயர் சொல்லிப் பிள்ளையார் பக்கத்தில் நிறுத்துவார்கள். அன்றைக்கு அதற்குக் குறித்த நல்ல நேரம் முடிய இன்னும் எட்டு நிமிஷம்தான் இருந்தது.

மேளம் கேட்டது. சங்கு கேட்டது. கேட்டுக்குள் நுழைந்தார் புரோகிதர். எழுபது வயது, தோளில் புடவை கட்டிய வாழை, ஏரியில் முங்கி எழுந்ததால் கண்ணாடி இடுப்பு முடிச்சில். ரெண்டு அடி வைத்தார். நின்றார்.

"இது எப்போ வெட்டினீங்க?" என்றார்.

"பா தேபென் நா!" என்று பதினோரு தொண்டைகள் அலறின.

பின்னால் வந்த மித்ரா பாபு, "அது வெறும் படம் தாக்கூர்மொஷாய், நடங்க" என்றார்.

"வெறும் படம்னா பிள்ளைங்க எதுக்கு இந்தக் கத்துக் கத்துது?"

அவரும் நியாயமாகத்தான் கேட்டார். பிள்ளைகளோ இன்னும் பலமாகக் கத்தின. பிள்ளைகள் என்றால் அவையல்லவோ பிள்ளைகள்! மித்ரா பாபு என் பக்கம் திரும்பினார்.

"பௌதி! வாயை மூடச் சொல்லுங்க!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சைக்கிள் ஸ்டாண்டு வழியா வரலாமே, கோலம் கலையாது" என்றேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அம்மனையே சைக்கிள் ஸ்டாண்டு வழியாக வரச் சொன்ன மகராசி நான் ஒருத்திதான்.

ஐந்து நிமிஷம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் என் கணவரைத் தள்ளிவிட்டேன். "போய் நடுவுல நின்னு காட்டுங்க, தரைன்னு தெரியட்டும்." பாவம், பட்டுவேட்டியோடு போய் நின்றார். கேட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு, கிணற்றுக்கு மேலே அந்தரத்தில் ஒரு மதராசி மிதந்துகொண்டிருந்தார். மூன்றாம் மாடி மாமி ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். புரோகிதர் சத்தமாக மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார். வாழையை இறுக்கிக்கொண்டார். "ஜொய் மா!" என்று கத்திக்கொண்டு எகிறினார் பாருங்கள்! எழுபது வயதில் அப்படி ஒரு தாண்டல்! கிணற்றில் பாதிதான் தாண்டினார், தண்ணீருக்கு நடுவே தாமரைமேல் போய் விழுந்தார். வாழையின் புடவை என் கணவர் கையில் சிக்கிக்கொண்டது. ஊர் பார்க்க, முக்காடிட்ட மருமகள் வெறும் வாழைக்கன்றாக நின்றாள். பெண்களெல்லாம் வீல் என்று கத்த, அம்மன் வந்துவிட்டாள் என்று நினைத்து மேளக்காரர்கள் வெளுத்துவாங்கினார்கள்.

புடவையை மறுபடி சுற்றி உள்ளே கொண்டு போனபோது நேரம் முடிய ஒரு நிமிஷம் பாக்கி. புரோகிதருக்குத் தைலம் தேய்த்துவிட்டது நான்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்குத் திரும்பிப் போய், வெகுநேரம் அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி நல்லா வந்திருக்கு" என்றார். அவர் ஒருத்தர்தான் சொன்னார்.

மித்ரா பாபு கமிட்டியைக் கூட்டினார். நான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஹால், இல்லையென்றால் டேபிள் டென்னிஸ். "என்ன தப்புன்னு எழுதணும்?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லா வரைஞ்சது தப்புன்னு எழுதவா? பிள்ளைங்க சொன்ன பேச்சைக் கேட்டது தப்புன்னு எழுதவா?" மித்ரா பாபு பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் எழுதவில்லை. ஹால் போயிற்று. அன்று ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தால் பதினோரு பிள்ளைகளும் எங்கள் மாடிப்படியில், படிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து வகுப்பு படிக்கட்டில்தான். இப்போது இருபத்திரண்டு பிள்ளைகள். ஞாயிறு காலையில் எங்கள் மாடிக்கு ஏற வேண்டியவர்கள் லிஃப்டில்தான் போகவேண்டும் (மித்ரா பாபுவும்தான்).

ஆனால் கமிட்டி எதையும் மறக்காது. வருஷா வருஷம் பொதுக்கூட்டத்தில், தண்ணீர்த் தொட்டி, வாட்ச்மேன் என்று முடித்துவிட்டு, கடைசியாக 'சந்திரா பௌதியின் மன்னிப்புக் கடிதம், நிலுவையில்' என்று வாசிப்பார்கள். வீட்டிலும் இதே கதைதான். நான் சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டுச் சாதிக்கும்போதெல்லாம், "லெட்டர் நிலுவையில்" என்று நிலா அப்பாவிடம் சொல்லுவாள். அவர் பேப்பருக்குப் பின்னால் குலுங்குவார்.

இந்த வருஷக் கூட்டத்தில் மித்ரா பாபு அலுத்துப்போய்க் கேட்டார். "பௌதி, ஒரு வரியாவது எழுதினீங்களா?"

"எழுதிட்டேன் மித்ரா பாபு" என்றேன். "ஒரே வரிதான்: அடுத்த கிணறு இன்னும் ஆழமா இருக்கும்."