கீற்றுழவுக்கு ஒரு தொடக்க விழா

நெருப்பு கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கு அடுத்தபடியாக மகத்தான நாள் எதுவென்றால், வேளாண் அலுவலகத்தில் கீற்றுழவுக் கருவி வந்து இறங்கிய நாள்தான். வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. வரலாற்றுக்கு எப்போதுமே கொஞ்சம் சோம்பல்.

கருவியின் பெருமை இதுதான்: அது நிலம் முழுவதையும் கிளறாது. விதை விழும் இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைக் கீறிக்கொண்டு போகும். நடுவில் போன அறுவடையின் தாளும் சருகும் போர்வையாகக் கிடக்கும். மழை அடித்தாலும் மண் ஓடாது.

மண் ஓடுவது என்றால் என்னவென்று சரிவுக்காரிக்குத் தெரியும். அவள் நிலம் சாலைக்கு மேலே சரிந்து கிடக்கிறது. பெயரே அதனால் வந்ததுதான். மேல்மண் பாதி ஏற்கெனவே மழையோடு போய்விட்டது. மிச்சமும் போனால் அடியில் பாறை, பாறையில் மக்காச்சோளம் முளைக்காது. ஆகவே மாட்டுக்காரர்கள் கெஞ்சியும் தாளைக் கொடுக்காமல் நிலத்திலேயே விட்டுவைத்து, கருவியை என் நிலத்தில் ஓட்டிக் காட்டுங்கள் என்று அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சம்மதம் வாங்கினாள்.

விழாவுக்கு முந்தைய நாள் அதிகாரி பார்வையிட வந்தார். நிலத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போயிற்று. வேளாண் துறை இயக்குநர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள், இப்படிக் குப்பையாகவா கிடப்பது என்று வருந்தினார். அழகுணர்ச்சி மிக்கவர். உடனே பழைய கலப்பையோடு டிராக்டரை வரவழைத்தார். ஓட்டிவந்தவன் சரிவுக்காரியின் சொந்தத் தம்பி.

"அது குப்பை இல்ல சார். அது கிடக்கணும்னுதான் இந்த மெஷினே" என்றாள் அவள்.

"மெஷின் நாளைக்கும்மா. இன்னைக்கு வெறும் 'சுத்தம்'தான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்டா."

"சொல்லிட்டேன்க்கா. என்னை வண்டியை மட்டும் ஓட்டச் சொன்னாரு." அவன் தலையைக் குனிந்துகொண்டு கலப்பையை இறக்கினான்.

தாளை வாரி எரித்து, குறுக்கும் நெடுக்கும் உழுது, பொழுது சாய்வதற்குள் நிலத்தைச் சலித்த மாவாக்கிவிட்டார்கள். இஸ்திரி போட்ட வேட்டிகூட அத்தனை நேர்த்தியாக இருக்காது.

மறுநாள் கருவி எழுந்தருளியது. மேடையும் நாற்காலிகளும் கீழே சாலையோரம் இருந்ததால், கோடுகள் மேடைக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று மேலிருந்து கீழாக ஓட்டச் சொன்னார் அதிகாரி. சருகை ஒதுக்கும் பற்சக்கரங்கள் ஒதுக்க எதுவும் அகப்படாமல், வெறுமனே சுழன்று இயக்குநருக்கு மரியாதை செலுத்தின. கைதட்டல் பலமாக இருந்தது. இயக்குநர் எழுந்து, இனி ஒரு பிடி மண்கூட இந்த நிலத்தை விட்டுப் போகாது என்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

கீற்றுகள் கடமை தவறவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாகி, மாவாய்க் கிடந்த மண்ணைக் கரைத்து மேடையை நோக்கி அனுப்பிவைத்தது. எல்லோரும் வண்டிகளுக்கு ஓடினார்கள். இயக்குநரின் கார் பாதிச் சக்கரம்வரை புதைந்து நின்றது. கணுக்காலளவு சேற்றில் ஒற்றைச் செருப்போடு நின்ற அதிகாரி, மேலே நிலத்தில் நனைந்தபடி நின்ற சரிவுக்காரியைக் கண்டார்.

"என்னம்மா வேடிக்கை பாக்கற? ஒரு மண்வெட்டி குடு. ரோட்டுல கிடக்கிற சேத்தை அள்ளி ஓரமாத் தள்ளணும்."

அவள் மண்வெட்டியோடு ஒரு கூடையையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஓரமாத் தள்ளாதீங்க சார், மேல கொண்டுபோய்ப் போடுங்க. நீங்க நிக்கிறது ரோடு இல்ல, என் நிலம்."