பஜார்க் குழாய் வழக்கில் நான் தோற்ற விவரம்

சிவமயம்
1957 ஜூலை

மகா கனம் பொருந்திய அத்தான் தாணுமாலயன் அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் தில்லைநாயகம் எழுதிக்கொண்டது. இவ்விடம் சாரலில் வேட்டி காயாதது தவிர யாவரும் சௌக்கியம். சென்னையில் தங்கள் வயிற்றுக் கோளாறும் அக்காளின் கோபமும் தணிந்ததா என்று எழுதவும்.

ஒன்பது வருஷமாக நம் ஊர்ப் பஞ்சாயத்து போர்டுத் தலைவனாகவும், இருபது வருஷமாகத் தென்காசியில் வக்கீலாகவும் இருக்கிற நான், நேற்றுக் கோர்ட்டில் என் வாயாலேயே என் வழக்கைக் கெடுத்துக்கொண்டேன். பஜார்க் குழாயில் தெற்குத் தெரு அரிசனங்கள் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று நான் வைத்த கட்டுப்பாட்டைத் தாங்கள்கூட மெச்சி எழுதினீர்கள். அவர்கள் ஒரு மைல் நடந்து குளத்தில்தான் மொண்டு வந்தார்கள். சித்திரையில் குளம் வற்றியதும் மாடத்தி என்பவள் குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். நான் விரட்டினேன். அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், புதுத் தீண்டாமைச் சட்டப்படி என்மேல் பிராது கொடுத்துவிட்டாள். அவள் புருஷன் பெயர் அய்யாத்துரை. பெயரைச் சொன்னாலே மரியாதை கொடுத்ததாகிவிடுமே என்று இத்தனை நாளும் நான் அவனை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

எனக்கு நானே வாதாடுவதென்று முடிவு செய்து, மூளை தெளியட்டும் என்று நேற்று விடியற்காலை ஐந்தருவிக்குப் போனேன். மலை முழுக்க மேகம். அருவி எங்கே, ஆகாயம் எங்கே என்று தெரியவில்லை. தலையில் தண்ணீர் விழுந்ததும் வாதமெல்லாம் கரைந்து போயிற்று. நான் வக்கீல் என்பதும் மறந்தது. அப்போது கால் வழுக்கியது. பக்கத்திலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "பிடிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல். கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடியே அரை மணி நேரம் நின்றேன், அத்தான். ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோதுதான் அப்படியொரு நிம்மதி இருந்தது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துப் பார்த்தால் அய்யாத்துரை. சட்டென்று கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

கோர்ட்டில் மாடத்தியைக் குறுக்கு விசாரணை செய்தேன். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே, உங்கள் ஆட்கள் கை பட்ட தண்ணீரை எங்கள் மேலத்தெருக்காரர் யாராவது தொட்டதுண்டா என்று கேட்டேன்.

அவள் கூண்டில் நிமிர்ந்து நின்று, "இன்னைக்கு விடியக்காலம் எங்க வீட்டுக்காரரு கையைப் பிடிச்சுக்கிட்டு அருவியில நின்னியளே, அந்தத் தண்ணி எந்தத் தெருத் தண்ணின்னு கேட்டியளா?" என்றாள்.

ஆட்சேபணை என்று எழுந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. என் காதில் அருவி இரைந்தது. "கேக்கலியே" என்று சொல்லிவிட்டேன். மாஜிஸ்திரேட் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கோர்ட்டு கலையும் வரை சிறைவாசம், குழாய் எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பு. சாயங்காலம் வரை கடைசி பெஞ்சில் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டுச் சேவகன் டவாலி மட்டும் வெற்றிலை கொடுத்தான்.

ஆகையால் தாங்கள் தாமதியாமல் ஹைகோர்ட்டில் பேர்போன வக்கீல் ஒருவரைப் பார்த்து அப்பீலுக்கு ஏற்பாடு செய்யவும். இது என் மானப் பிரச்சினை. நான் பின்வாங்க மாட்டேன். அக்காளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. குற்றாலநாதர் தங்கள் குடலைக் காப்பாராக.

இப்படிக்கு,
தில்லைநாயகம்

பி.கு.: அப்பீல் வேண்டாம். மேலே எழுதியதைப் படித்ததும் வக்கீலைத் தேடிக் கிளம்பியிருந்தால் திரும்பிவிடவும். இதைத் தபாலில் சேர்க்குமுன் இன்று காலையும் ஐந்தருவிக்குப் போனேன். அய்யாத்துரை நின்றிருந்தார். பக்கத்தில் போய் நானாகவே கையை நீட்டினேன். அவர் என்னையும் கையையும் பார்த்தார். "இன்னைக்கு வழுக்கலியே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.