பவுடர் நைனாவின் கண்

செங்கல்பட்டு ஜில்லாவில் மணப்பெண்களின் முகத்தில் பூசிய பவுடரைவிட இஞ்சின்களின் முகத்தில் பூசிய பவுடர்தான் அதிகம். எல்லாம் ஒரே மெக்கானிக்கின் கைங்கரியம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, பவுடர் நைனா என்றால் போதும்.

எழுபதுகளில் நான் மாமல்லபுரத்தில் ஒரு சிலைக்கடையில் குமாஸ்தா. சிலைகளை ரயிலடிக்கு ஏற்றிப்போகிற பழைய பிக்கப் வேனும் என் பொறுப்பு. அது நின்ற இடமெல்லாம் எட்டணா அகலத்துக்கு ஆயில் சொட்டும். ஒருநாள் முதலாளி அதில் வழுக்கி, விற்காத நந்தியைக் கட்டிக்கொண்டு தப்பித்தார்.

"இத நிறுத்து. இல்ல, ஒன்ன நிறுத்திடுவேன்" என்றார்.

செங்கல்பட்டில் நைனாவிடம் ஓடினேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. பவுடர் டப்பா எங்கே என்று கேட்டார். சிக்கனமாக நான் வீட்டு அரிசி மாவைக் கொண்டுபோயிருந்தேன். முகர்ந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, இஞ்சின பாக்க சொல்றியா, இட்லி ஊத்த சொல்றியா?"

பவுடர் வாங்கி வந்தேன். மண்ணெண்ணெயால் இஞ்சினைத் துடைத்து, காயவைத்து, முழுக்கப் பூசினார்.

"இஞ்சின் அழுவுது. கண்ணீர் தாடையில சொட்டுதுன்னா, கண்ணு தாடையிலயா கீது? ஓட்டிக்கினு போய் வா."

திருக்கழுக்குன்றம்வரை போய்த் திரும்பினேன். வழியெல்லாம் கல்யாண வீட்டு வாசனை. பானெட்டைத் திறந்தால் வெள்ளை முகத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. உச்சியில் டேப்பட் கவர் என்கிற மூடியின் பின்மூலையில் கிளம்பி, முதுகுவழியாகக் கீழே இறங்கியிருந்தது.

"மேல மூடி பேக்கிங் பூட்ச்சு. மாத்து, நின்னுடும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொட்டுவது கீழே, இவர் மேலே கைகாட்டுகிறார். நேராகப் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். கீழே ஆயில் சீல்தான் என்று சத்தியம் செய்து, கியர்பாக்ஸை இறக்கி, நாலு நாள் வைத்திருந்தார்கள். வண்டி வந்தது, சொட்டும் கூடவே வந்தது. பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் மேலே பேக்கிங்கை மாற்றினேன். நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்த காசு வீண் என்று தெரியக்கூடாதே என்று, சீல் மாற்றியதால்தான் நின்றது என்று முதலாளியிடம் சொல்லிவைத்தேன்.

மறுவாரம் நைனா இதைக் கேட்பதற்கென்றே பஸ் ஏறி வந்தார். பக்கத்தில் முதலாளி.

"எங்கேர்ந்து அழுதுச்சு அண்ணாத்த?"

"கீழ சீல்தான், நைனா."

 அவர் வேனின் பானெட்டை ஒருமுறை தடவினார்.

"அப்போ எங் கண்ணுதான் மோசம் பண்ணிட்ச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அதன்பிறகு ஆயில் ஒழுகுகிற வண்டி எதையும் அவர் தொடவில்லை. பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு இட்டுக்கினு போ என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். நான் எத்தனையோ தடவை செங்கல்பட்டு போனேன். அவர் தெருவை மட்டும் தவிர்த்து, சுற்றுவழியில் போனேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என் குடி ஒன்றும் முழுகிப் போயிருக்காது. இப்போது சொல்வதற்கு அவர் இல்லை.

டேப்பட் கவர்தான் நைனா. உன் கண்ணு தப்பே பண்ணல.