பூனைப் புத்தகமும் சாய்ந்த மரமும்

"டேய் லுத்ஃபி, இந்தப் பூனைப் புத்தகத்த எனக்கு ஒரு ரெண்டு நாள் கொடுடா" என்றார் ஆசிரியர் மோங்கி உஸ்தாத், அவன் எழுதிக் கொடுத்த சுருக்கத்தைப் படித்துவிட்டு.

லுத்ஃபி எங்கிருந்து கொடுப்பான்? அப்படி ஒரு புத்தகமே உலகத்தில் கிடையாது.

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் இருந்த அந்தப் பள்ளியில் விதி கறாரானது. ஐந்து கதைப் புத்தகம், ஐந்து கட்டுரைப் புத்தகம் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் சுருக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். படிப்பதைவிடப் புளுகுவது சுலபம் என்று லுத்ஃபியின் மகா மூளைக்குத் தோன்றியது. 'துனிஸ் பூனைகளின் வரலாறு', 'குருட்டு மாலுமியின் மூன்று கல்யாணம்' என்று ஒன்பது புத்தகங்களை, எழுதியவர் பெயரோடு, தானே பெற்றெடுத்துவிட்டான்.

"அது... காபெஸ் ஊர்ல என் அத்தை பையன்கிட்ட இருக்கு, உஸ்தாத்."

"பரவால்ல, எழுதினவருக்கே கடிதம் போடறேன். விலாசம் சொல்லு."

"அவர் போன மாசம் தவறிட்டாரு."

"அடடா!" உஸ்தாத் வகுப்பையே எழுப்பி நிறுத்தினார். பிறக்கவே பிறக்காத மனிதருக்காக நாற்பது பேர் ஃபாத்திஹா ஓதினார்கள். லுத்ஃபியும் கையேந்தி நின்றான். அவமானத்தில் காது சுட்டது.

உஸ்தாத் அதோடு விட்டாரா? உருகிப்போய், மாவட்ட வாசிப்புப் போட்டிக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டார். நடுவர், நகர நூலகத் தலைவி ஜலீலா அம்மையார். அவர் படிக்காத புத்தகமே இல்லையாம்.

லுத்ஃபிக்கு இன்னும் ஓர் அட்டை பாக்கி இருந்தது. பத்தாவதையாவது நிஜமாகப் படித்து மானத்தைக் காப்பாற்றலாம் என்று பள்ளி நூலகத்துக்கு ஓடினான். உஸ்தாதே எழுதிய புத்தகம் அகப்பட்டது: 'ஆலிவ் மரம் ஏன் சாய்கிறது? முதல் பாகம்'. நானூற்றுப் பத்துப் பக்கம். பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு வரி விடாமல் படித்தான். அவனுக்கே தன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

போட்டியன்று ஜலீலா அம்மையார் பத்து அட்டைகளையும் புரட்டினார். பக்கத்தில் உஸ்தாத் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்து நின்றார்.

லுத்ஃபிக்குத் தாங்கவில்லை. "மேடம், ஒரு உண்மையச் சொல்லிடறேன்..."

"நீ சொல்லவே வேணாம், நானே கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் அம்மையார். "இந்த ஒம்பதையும் நான் ரெண்டு தடவ படிச்சிருக்கேன், ஆனா இந்தச் சாய்ஞ்ச மரம் நீயா கட்டிவிட்டதுதானே, இப்படி ஒரு புத்தகத்த எவனாவது எழுதுவானா?"