ஒத்துக்காத புள்ளிமான்

ஒரு காட்டில், எல்லாக் காட்டிலும் இருப்பதைப் போலவே, ஒரு சிங்கம் ஆண்டுவந்தது. ஆண்டுவந்தது என்றால் படுத்திருந்தது என்று அர்த்தம். வேலையையெல்லாம் நரிதான் பார்த்தது. அந்தக் கோடையில் நரி ஒரு புதுச் சட்டம் போட்டது. காட்டில் வற்றாமல் மிச்சமிருந்த ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்க வேண்டுமானால், கழுத்தில் அரசாங்க வில்லை தொங்க வேண்டும். வில்லை வெள்ளி மாதிரி மின்னியது. வெள்ளி இல்லை. பிறகு என்ன உலோகம் என்று கேட்டவர்களுக்கு, "அரசாங்க உலோகம்" என்று பதில் வந்தது.

கொன்றை என்ற இளம் புள்ளிமானும் வில்லையை மாட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் கழுத்து அரித்தது. ஐந்தாம் நாள் சிவந்து தடித்தது. ஏழாம் நாள் பொடிப்பொடிக் கொப்புளமாகி நீர் கசிந்தது. வில்லையும் சங்கிலியும் பட்ட இடத்தில் மட்டும், சுற்றி வட்டம் போட்ட மாதிரி. இதற்கு மேல் ஒரு தோல் எப்படித்தான் விளக்கிச் சொல்லும்?

"சூடுடி" என்றாள் அத்தைமான். "வெயில்ல சுத்துறே. வாய் வேற ஓயமாட்டேங்குது. பேசப் பேச உடம்பு சூடாகும்."

"சூடுன்னா கழுத்துல மட்டும் வட்டமாவா வரும், அத்தை?"

"பாத்தியா, இப்பவும் பேசுறே."

எருமை, கத்தரிக்காய் சாப்பிட்டதால்தான் என்றது. அந்தக் காட்டில் கத்தரிக்காய் விளைவதில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. முயல், கண்ணு பட்டிருக்கும் என்றது. அத்தை கடைசியில் இது அக்கிதான் என்று முடிவுகட்டி, கொன்றையைக் குளவியிடம் இழுத்துப் போனாள். களிமண்ணில் கூடு கட்டுவதால் காட்டில் குயவர் வேலை குளவியுடையது. அக்கிக்கு மருந்தாக அதன் மேல் உருவம் எழுதுவதும் குயவர் உரிமை. காவியைக் குழைத்து, கொன்றையின் கழுத்தில் முறைப்படி ஒரு சிங்கம் எழுதியது. எழுதும்போது சிங்கமாகத்தான் இருந்தது. வியர்வையில் ஊறி நாயாகிவிட்டது.

குளத்து வாசலில் காவலிருந்த குரங்கு உற்றுப் பார்த்தது. "மன்னரை நாயா வரைஞ்சு கழுத்துல மாட்டிட்டுத் திரியறியா?"

கொன்றை அவசரமாக மரத்தில் தேய்த்து அழித்தாள். அதில் இரண்டு கொப்புளம் உடைந்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. வில்லையைக் கழற்றி ஒரு கிளையில் தொங்கவிட்டாள். குளத்துக்குள் விடமாட்டார்கள், தெரியும். நாலு நாள் இலையில் பனியை நக்கிக்கொண்டும் சாறுள்ள தண்டுகளைக் கடித்துக்கொண்டும் ஓட்டினாள். கண் உள்ளே போனது, நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ஆனால் கழுத்தில் அரிப்பு நின்றது, தடிப்பு வடிந்தது. மறுபடி மாட்டினாள். மறுநாள் மறுபடி சிவந்தது. இன்னொரு முறையும் செய்து பார்த்தாள். அதே கதைதான்.

இந்த ஆதாரத்தோடு கரடி டாக்டரிடம் போனாள். காட்டில் தோலுக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். உடம்பெல்லாம் முடி. பிறந்ததிலிருந்து தன் தோலையே அவர் பார்த்ததில்லை.

"எங்கம்மா தடிப்பு?"

"கழுத்துல, டாக்டர்."

"உடம்பு பூரா புள்ளி இருக்கே?"

"அது பிறந்ததிலிருந்தே இருக்கு."

"எது பழசு, எது புதுசுன்னு எப்படிச் சொல்றே?"

"அரிக்கிறது புதுசு. வில்லையைக் கழட்டினா போயிடுது, மாட்டினா வந்துடுது. ரெண்டு தடவை பாத்துட்டேன். இந்த உலோகம் எனக்கு ஆகலை டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்தார். "செல்போன்ல பாத்தியா?"

"இதுக்கு எதுக்கு செல்போன்? கழுத்து இருந்தா போதுமே."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"அதுக்கும் தடிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்த டென்ஷன்தான்மா. கல்யாணம் ஆனா சரியாயிடும்." அவர் ஒரு வெள்ளை லோஷனை நீட்டினார். "காலை, சாயங்காலம் தடவு. வில்லைக்கு அடியில நல்லா தடவு. வில்லையை மட்டும் கழட்டிடாதே. விலக்கு வேணும்னா நாலாம் நம்பர் படிவம் இருக்கு, நிரப்பி நரி ஆபீஸ்ல குடு."

படிவத்தில் ஒரு கேள்வி: 'தங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது?' கொன்றை நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'வில்லை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.'

நரி அதை இரண்டு முறை படித்தது.

"அரசாங்க வில்லையை ஒத்துக்கலைங்கிறே."

"எனக்கு ஒத்துக்கலைன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உனக்கு மட்டும் ஒத்துக்கலை."

"ஐயா, உடம்புக்கு! என் உடம்புக்கு ஒத்துக்கலை!"

நரி பேனாவைத் திறந்து குறிப்பு எழுதியது: 'மனுதாரர் அரச வில்லையை ஒத்துக்கொள்ள மறுக்கிறார். உடலும் உடந்தை.'

மறுநாளே சிங்கத்தின் முன் விசாரணை. காடே கூடியிருந்தது. வழக்கு முடியும்வரை கொன்றையைக் குளத்துப் பக்கம் விடக்கூடாது என்று உத்தரவு.

"ஒரே கேள்வி" என்றது நரி. "ஒத்துக்கிறியா, ஒத்துக்கலையா?"

ஒத்துக்கிறேன் என்றால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகும். ஒத்துக்கலை என்றால் குற்றமே அதுதான். அத்தை கூட்டத்திலிருந்து, "மன்னிப்புக் கேட்டுட்டு வாடி" என்று சைகை காட்டினாள். சைகை காட்டிய காலாலேயே கழுத்தைச் சொறிந்துகொண்டாள்.

கொன்றை அப்போதுதான் கவனித்தாள். எருமை மரத்தில் உரசிக்கொண்டிருந்தது. முயல் பின்னங்காலால் பரபரவென்று பிராண்டியது. கேள்வி கேட்ட நரியே பேனா முனையைக் கழுத்துப் பக்கம் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க ஏன் சொறியறீங்க?"

"பழக்கம்" என்றது நரி.

"மன்னா!" என்று கத்தினாள் கொன்றை. வறண்ட தொண்டையில் குரல் கிழிந்தது. "பிடரியை ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க!"

சிங்கம் இங்கும் அங்கும் பார்த்தது. பிறகு, பல நாள் தவிப்பைத் தாங்க முடியாதது போல, பிடரியை மெல்ல ஒதுக்கியது. வில்லைக்கு அடியில் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். கொன்றையுடையதைவிட இரண்டு மடங்கு. ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டிக் காட்டினார்கள். எல்லோருக்கும் வட்டம்.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் சிங்கம் கண் கலங்கும், உண்மை சொன்ன மானைத் தட்டிக்கொடுக்கும், நரி தலைதெறிக்க ஓடும். இது பழைய கதை இல்லை. நரி முன்னால் வந்து மண்டியிட்டது.

"மன்னருக்கே இருக்குன்னா அது நோயா இருக்க முடியுமா? அது அரச முத்திரை. மன்னர் மேல வெச்ச விசுவாசம் தோல்ல தெரியுது, அவ்வளவுதான்."

சிங்கத்துக்கு உயிர் வந்தது. தனக்கு வந்திருப்பது சொறி இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அது இத்தனை நாள் காத்திருந்தது. உடனே தீர்ப்பு: கொன்றை விடுதலை. இனி வில்லை கட்டாயமில்லை. கழுத்தில் முத்திரை உள்ள எவரும் தண்ணீர் குடிக்கலாம்.

கொன்றை அங்கேயே வில்லையைக் கழற்றி எறிந்தாள். குளத்துக்கு ஓடி, வயிறு முட்டக் குடித்தாள். வாதாடி ஜெயித்த தண்ணீருக்குத் தனி ருசிதான்.

ஒன்பதாம் நாள் குரங்கு வழிமறித்தது.

"முத்திரை எங்கே?"

"ஆறிடுச்சு" என்றாள் கொன்றை பெருமையாக. கழுத்தில் புது ரோமம்கூட முளைத்திருந்தது.

"ஆறிடுச்சா? அதெப்படி ஆறும்?"

"நோய்னா ஆறத்தானே செய்யும்?"

"மன்னர் முத்திரையை நோய்ங்கிறியா? தள்ளி நில்லு."

பக்கத்தில் அத்தை கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். கட்டாயம் நீங்கிய வில்லையை அவள் கழற்றவே இல்லை. எங்கிருந்தோ இன்னொன்று வாங்கி, இரண்டாகப் போட்டிருந்தாள். எருமை மூன்று.

கொன்றை இரண்டு நாள் வாசலில் நின்று வாதாடினாள். ஆரோக்கியம் என்றால் என்ன என்று கேட்டாள், சட்டத்தின் நோக்கம் என்ன என்று கேட்டாள். ஒரு கேள்விக்கும் குரங்கால் பதில் சொல்ல முடியவில்லை. வாசலையும் அது திறக்கவில்லை. மூன்றாம் நாள் கண் இருட்டியது. தட்டுத்தடுமாறி வற்றிய ஓடைக்கரைக்குப் போய், அங்கே புதராக மண்டிக்கிடந்த, பட்டாலே அரித்துத் தடிக்கும் செந்தட்டிச் செடிக்குள் கழுத்தை விட்டுத் தேய்த்தாள். தீப்பட்ட மாதிரி எரிந்தது. கண்ணில் நீர் கொட்டியது, அதையும் நக்கிக்கொண்டாள்.

"இன்னும் அழுத்தித் தேய்டி" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "இந்தப் பக்கம் வட்டம் சரியா விழலை."

கொன்றை வாய் திறக்காமல் அந்தப் பக்கமும் தேய்த்தாள்.

குளத்து வாசலில் குரங்கு எழுந்து நின்று வழிவிட்டது. "வாங்கம்மா, வாங்க. உங்களுக்கு வரிசை எதுக்கு?" கொன்றை குனிந்து தண்ணீர் குடித்தாள். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த முயல் அவள் கழுத்தைப் பொறாமையோடு பார்த்து, எந்தச் செடி என்று ரகசியமாகக் கேட்டது.

நீதி: ஒருத்தி சொறிந்தால் அது ஒவ்வாமை, ஊரே சொறிந்தால் அது பண்பாடு. ஆகவே தாகம் உள்ளவர்கள் சீக்கிரம் குணமாகிவிட வேண்டாம்.